கம்ப்ரசர் ரெகுலேட்டர் 2 பாரில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. சரிசெய்ய முடியுமா?

மேடைக்காரி, பிறை

வணக்கம். பினாங்கு மாநிலத்துப் பிறையில் எங்கள் வீட்டு முன்புறம், காடி (கார்) நிறுத்தும் இடத்தில்தான் பட்டறை. அப்பாவும் நானும் மரத்தில் சாமி மேடை செய்கிறோம். பெரும்பாலும் நியாத்தோ மரம், மேலே என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். அறுப்பது, இழைப்பது, கோர்ப்பது எல்லாம் அப்பா. உப்புத்தாள் போட்டு லாக்கர் அடித்து முடிப்பது என் பொறுப்பு. தீபாவளிக்கு முன்னால் கொடுக்க வேண்டிய மேடைகள் வரிசையாக நிற்கின்றன. இந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர் மக்கர் செய்கிறது.

கம்ப்ரசர் சாதாரண வீட்டு ரகம்தான். 2 குதிரைத்திறன், 25 லிட்டர் டாங்கி, எண்ணெய் ஊற்றும் வகை. டாங்கியில் காற்றழுத்தம் 8 பார் வந்ததும் மோட்டார் நிற்கிறது, 6 பார் அளவுக்கு இறங்கியதும் திரும்ப ஓடுகிறது. அதில் குறை எதுவும் இல்லை. ஸ்ப்ரே கன்னுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில்தான் சிக்கல்.

கன்னுக்கு 2 பார் வைக்கிறேன். ஒரு கதவை அடித்து முடித்து அடுத்ததை எடுத்து வைப்பதற்குள் அழுத்தம் காட்டும் கேஜின் ஊசி 3-ஐத் தாண்டுகிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 5. குமிழை இடப்பக்கம் எவ்வளவு திருப்பினாலும் ஊசி இறங்குவதில்லை. டிரிக்கரை அழுத்திக் காற்றை வெளியேற்றினால்தான் இறங்குகிறது. விட்டதும் பழையபடி ஏறுகிறது. அப்படி ஏறி நிற்கும் நேரத்தில் கன்னை எடுத்தால் முதல் வீச்சு புகையாகப் பறக்கிறது. லாக்கர் மரத்தில் படிவதற்கு முன்பே காய்ந்து, சொரசொரவென்று தூளாக உட்காருகிறது. போன வாரம் மயில் செதுக்கிய கதவு ஒன்று அப்படியே போனது. தட்டையான இடத்தைத் தேய்த்துவிடலாம், அந்தத் தோகை வரிகளுக்குள் உப்புத்தாள் நுழையுமா? மூங்கில் குச்சியைச் சீவி, நுனியில் உப்புத்தாளை ஒட்டி, வரி வரியாகச் சுரண்டினோம்.

பக்கத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கேட்டேன். "இதெல்லாம் பிரிக்க முடியாது, புதுக் கம்ப்ரசரே எடுத்துவிடுங்கள்" என்றார்கள். மோட்டார் நன்றாக ஓடும்போது முழு மிஷினையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. இதைப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா? கெட்டது டயப்ரமா, குமிழா, வேறு ஏதாவதா? புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எந்த மாதிரி வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


செந்தூல் கன், கோலாலம்பூர்

வணக்கம் தங்கச்சி. நான் காடி பெயிண்ட் அடிப்பவன். ரெகுலேட்டரைப் பிரிப்பது பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். அடிக்கிற பக்கத்து விஷயம் ஒன்று மட்டும் சொல்கிறேன்.

2 பார் வைக்கும்போது டிரிக்கரை அழுத்திக்கொண்டே வையுங்கள். காற்று ஓடாமல் நிற்கும்போது வைத்தால், ஓட ஆரம்பித்ததும் ஊசி இறங்கிவிடும். அதேபோல ஓட்டத்தில் 2 வைத்துவிட்டு டிரிக்கரை விட்டால் ஊசி கொஞ்சம் ஏறி நிற்கும். அது எல்லா ரெகுலேட்டரிலும் உண்டு, கோளாறு இல்லை. ஆனால் ஏறிய இடத்தில் அது நிற்க வேண்டும். 2 பார் 5 ஆவது கண்டிப்பாகக் கோளாறுதான்.

இன்னொன்று. மோட்டார் நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் 'உஸ்' என்று ஒரு வினாடி காற்றுப் போகும். பிஸ்டன் பக்கத்தில் தேங்கிய காற்றை அது வெளியேற்றுகிறது, அடுத்த முறை மோட்டார் சுலபமாகக் கிளம்புவதற்காக. அது நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் டாங்கி வாயில், காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பலர் இதை ரெகுலேட்டர் கோளாறு என்று நினைத்து வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள். உங்களுக்கு அப்படிச் சத்தம் எதுவும் இல்லை என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.


பழைய பிட்டர், பட்டர்வொர்த்

அம்மா, உங்கள் பதிவை இப்போதுதான் பார்த்தேன். பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காற்றில் ஓடும் சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர் இவற்றோடுதான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. "பிரிக்க முடியாது, புதுசு வாங்கு" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு மனம் ஆறாது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கூடப் பார்க்காமல் ஒரு நல்ல மிஷினைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரெகுலேட்டருக்குள் இருப்பது மிகக் கொஞ்சம். மேலே குமிழும் அதன் திருகும். அதற்குக் கீழே ஒரு பெரிய ஸ்ப்ரிங். அது ஒரு ரப்பர் டயப்ரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். டயப்ரத்துக்கு அடியில் குச்சியோடு கூடிய சின்ன வால்வு, அதன் முகத்தில் ரப்பர். அந்த வால்வைக் கீழிருந்து தூக்கிப் பிடிக்க ஒரு சின்ன ஸ்ப்ரிங். எல்லாவற்றையும் அடியில் மூட ஒரு பித்தளை மூடி. அவ்வளவுதான்.

குமிழை வலப்பக்கம் திருப்பினால் பெரிய ஸ்ப்ரிங் அமுங்கி டயப்ரத்தைக் கீழே தள்ளும், டயப்ரம் குச்சியைத் தள்ளும், வால்வு தன் சீட்டை (அது உட்காரும் பித்தளை விளிம்பை) விட்டு விலகும், டாங்கிக் காற்று கன் பக்கம் பாயும். கன் பக்கம் அழுத்தம் ஏற ஏற, அந்தக் காற்றே டயப்ரத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். ஸ்ப்ரிங்கின் பலமும் காற்றின் பலமும் சமமாகும் இடத்தில் வால்வு மூடிக்கொள்ளும். நீங்கள் குமிழில் வைப்பது இந்தச் சமநிலையைத்தான்.

உங்களுடையதில் வால்வு மூடுகிறது, ஆனால் முழுசாக மூடவில்லை. குழாயை இறுக்கி அடைத்த பிறகும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதில்லையா, அதே கதை. கன் ஓடும்போது இந்தக் கசிவு தெரியாது, ஓடும் காற்றோடு போய்விடும். கன்னை நிறுத்தினால் போக வழியில்லாமல் சேர்ந்து ஊசியை மேலே ஏற்றுகிறது. அப்படியே விட்டால் கடைசியில் டாங்கி அழுத்தம் வரைக்கும் போகும்.

குமிழைத் திருப்பியும் இறங்கவில்லை என்கிறீர்களே, அதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ரெகுலேட்டரில் இரண்டு வகை. ஒரு வகையில் டயப்ரத்தின் நடுவில் ஒரு துளை இருக்கும், குச்சியின் முனை அதை அடைத்து நிற்கும். கன் பக்கம் அழுத்தம் கூடினால் டயப்ரம் குச்சியை விட்டுத் தூக்கிக்கொள்ளும், அதிகக் காற்று அந்தத் துளை வழியாக மேலே வந்து குமிழுக்கு அடியில் வெளியேறிவிடும். இன்னொரு வகையில் அந்தத் துளை கிடையாது. உங்களுடையது இந்த இரண்டாவது வகை. உள்ளே வந்த காற்றுக்கு கன்னைத் தவிர வேறு வாசல் இல்லை. அதனால்தான் குமிழுக்குக் கட்டுப்படாதது போலத் தெரிகிறது. குமிழில் பழுது இல்லை.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். டாங்கியை 8 பார் வரை நிரப்பி, சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். குமிழை இடப்பக்கம் முழுவதும் திருப்புங்கள், கையில் ஸ்ப்ரிங்கின் எதிர்ப்பே தெரியாத அளவுக்கு. பிறகு டிரிக்கரை அழுத்தி கன் பக்கத்து ஊசியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். இந்த நிலையில் டயப்ரம் குச்சியைத் தொடவே இல்லை. அப்படியும் ஊசி பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏறினால் குற்றவாளி வால்வும் சீட்டும்தான், வேறு யாரும் இல்லை. ஊசி பூஜ்ஜியத்துக்கே வராமல் நின்றால் கேஜ் கெட்டிருக்கிறது. டயருக்குக் காற்று அடிக்கும் கேஜ் ஒன்றை ஹோஸில் மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். 2 பார் என்பது 200 கிலோபாஸ்கல், பெட்ரோல் நிலையத்து மிஷினில் பார்க்கிற அதே கணக்கு. பிஎஸ்ஐ-யில் 29.

பிரிக்கும்போது தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பிளக் வெளியே இருக்க வேண்டும். டாங்கியின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து காற்று முழுவதும் போகும்வரை காத்திருங்கள். டிரிக்கரையும் அழுத்தி ஹோஸைக் காலி செய்யுங்கள். ஊசி பூஜ்ஜியம் காட்டினாலும் அதை மட்டும் நம்பக் கூடாது, வேலை முடியும்வரை டிரெயின் வால்வு திறந்தே இருக்கட்டும். மேல்மூடியைக் கழற்றுவதாக இருந்தால் குமிழை முதலில் முழுவதும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பெரிய ஸ்ப்ரிங் முகத்தில் பாயும். உங்களுக்கு மேல்மூடியைத் தொட வேண்டிய தேவையே வராது என்று நினைக்கிறேன். அடிமூடியை ஸ்பேனரால் கழற்றினாலே வால்வும் சின்ன ஸ்ப்ரிங்கும் கையில் வந்துவிடும். கீழே வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்வின் ரப்பர் முகத்தையும், உடலுக்குள் அது போய் உட்காரும் பித்தளை விளிம்பையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடையுங்கள். தின்னரை அருகில் கொண்டுவராதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். பித்தளை விளிம்பில் உப்புத்தாள் போடவே கூடாது. நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள், நகம் எங்காவது மாட்டினால் அந்த இடம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஓ-ரிங்கிலும் (ரப்பர் வளையம்) குச்சியிலும் பட்டும் படாமலும் கிரீஸ் தடவலாம், ரப்பர் முகத்தில் தடவக் கூடாது. மூடிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.


செந்தூல் கன், கோலாலம்பூர்

ஐயா சொன்ன கிரீஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். சிலிக்கோன் கிரீஸ் வேண்டாம் தங்கச்சி. மற்ற இடத்தில் அது நல்ல பொருள்தான், ஆனால் பெயிண்ட் போகிற காற்றுக்கு அது விஷம். துளியூண்டு காற்றோடு வந்து மரத்தில் விழுந்தாலும் லாக்கர் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகிப் போகும். தேய்த்து அடித்தாலும் திரும்ப வரும். எங்கள் பட்டறையில் சிலிக்கோன் ஸ்ப்ரே டப்பாவைக் கதவு தாண்டி உள்ளே விட மாட்டோம். சாதாரண கிரீஸ், அதுவும் மிகக் கொஞ்சமாக.


மேடைக்காரி, பிறை

ஐயா, அண்ணே, இருவருக்கும் மிக்க நன்றி.

சோதனை செய்தேன். குமிழை முழுக்கத் தளர்த்திய பிறகும் ஊசி பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பி மெதுவாக ஏறிக்கொண்டே போனது. ஐயா சொன்னதுபோல சீட்தான். டயர் கேஜோடு ஒப்பிட்டேன், ஊசி சரியாகத்தான் காட்டுகிறது.

டிரெயின் வால்வு இறுகிப் போயிருந்தது. அப்பா ஸ்பேனர் வைத்து மெல்ல அசைத்துத் திறந்தார். முதலில் வந்தது காற்று இல்லை, தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகத் தண்ணீர். சிமெண்டுத் தரையில் ஓடி வாசல் வரைக்கும் போனது. கடைசியில் கருப்பாகக் கொஞ்சம் சகதியும் வந்தது.

அடிமூடியைக் கழற்றினோம். சின்ன ஸ்ப்ரிங் முழுக்கச் செம்பழுப்புத் தூள். வால்வை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ரப்பர் முகத்தில் ஒரு வட்டத் தடம், பித்தளை விளிம்பு காலம் காலமாக அழுத்திப் பதிந்த தடம். அந்த வட்டத்தின் மேல் ஓரிடத்தில் துருச் செதில் ஒன்று குத்தி நின்றது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசி முனையால் அதை எடுத்ததும் ரப்பரில் ஒரு பள்ளம் தெரிந்தது. நகம் வைத்தால் மாட்டுகிறது. பித்தளை விளிம்பு மட்டும் வழவழப்பாக நன்றாக இருக்கிறது.

சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மூடினோம். இப்போது எவ்வளவோ தேவலை. 2 பார் வைத்தால் வெகுநேரம் கழித்துத்தான் இரண்டரை வருகிறது. ஆனால் நிற்கவில்லை, ஏறத்தான் செய்கிறது. அந்தப் பள்ளம்தான் காரணமா?


சைக்கிள் பட்டறை, புக்கிட் மெர்தாஜம்

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என் கம்ப்ரசரில் ஊசி ஏறுவதில்லை. குமிழுக்கு அடியில் காற்று சீறிக்கொண்டே இருக்கிறது. டாங்கி காலியாகி மோட்டார் அடிக்கடி ஓடுகிறது. இதுவும் சீட்டா?


பழைய பிட்டர், பட்டர்வொர்த்

முதலில் சைக்கிள் தம்பிக்கு. உன்னுடையது டயப்ரத்தில் துளை உள்ள வகை. அதில் சீட் கசிந்தாலும் குமிழடியில்தான் சீறும், டயப்ரம் கிழிந்தாலும் அங்கேதான் சீறும். பிரித்தறிய வழி இருக்கிறது. குமிழை முழுக்கத் தளர்த்து. அப்படியும் சீறினால் சீட். தளர்த்தியதும் சத்தம் நின்று, திருப்ப ஆரம்பித்ததும் திரும்பச் சீறினால் டயப்ரம். அந்த வகைக்கு டயப்ரம் தனியாகக் கிடைப்பது கடினம், தொழிற்சாலைகளுக்கு விற்கும் நல்ல ரகங்களுக்குத்தான் உதிரி செட் வரும். சைக்கிள் டியூப்பை வெட்டிப் போடலாமா என்று கேட்பாய், சைக்கிள் பட்டறை வேறு வைத்திருக்கிறாய். போடாதே. துணி வைத்து வார்த்த டயப்ரம் தாங்குகிற அழுத்தத்தை வெறும் ரப்பர் தாங்காது.

இப்போது மேடைக்காரி அம்மாவுக்கு. ஆமாம், அந்தப் பள்ளம்தான். செதிலை எடுத்தாயிற்று, அது போட்ட காயம் அப்படியே இருக்கிறது. சில மாடல்களில் ரப்பர் வட்டு தனியாகக் கழன்று வரும், திருப்பிப் போட்டால் அடுத்த முகம் புதிதாக இருக்கும். உங்களுடையதில் அப்படி வருகிறதா பாருங்கள். பித்தளையோடு சேர்த்து வார்த்திருந்தால் வராது, நோண்டாதீர்கள். அந்த நிலையில் ரெகுலேட்டரை மட்டும் மாற்றுங்கள். கம்ப்ரசரை இல்லை. தனி ரெகுலேட்டரின் விலை கம்ப்ரசர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. டயப்ரத்தில் துளை உள்ள, தானே அதிகக் காற்றை வெளியேற்றும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெயிண்ட் வேலைக்கு அதுதான் ஏற்றது. குமிழைக் குறைத்ததும் ஊசியும் கூடவே இறங்கும், முதல் வீச்சில் ஏமாற்றாது. ஒரே ரெகுலேட்டர் 10 பார் வரைக்கும் வரும், 4 பார் வரைக்கும் வரும், ஸ்ப்ரிங்தான் வித்தியாசம். கன்னுக்கு மட்டும் என்றால் 4 பார் ரகம் எடுங்கள், குமிழை நுணுக்கமாகத் திருப்ப முடியும். ஆணி அடிக்கும் கன்னும் அதிலிருந்தே ஓட்டுவதாக இருந்தால் அதற்கு 5, 6 பார் வேண்டும், அப்போது 10 பார் ரகம்தான் சரி.

மரை (திருகுச் சுற்று) விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் பிஎஸ்பி மரை. இணையத்தில் வாங்கினால் அமெரிக்க என்பிடி மரையும் கலந்து வரும். கால் அங்குல அளவில் பிஎஸ்பி-க்கு அங்குலத்துக்கு 19 சுற்று, என்பிடி-க்கு 18. கையில் ஓரிரண்டு சுற்று நன்றாகப் போகும், அப்புறம் இறுகும். ஸ்பேனரைப் போட்டு மேலும் இறுக்கினால் அலுமினிய உடலில் விரிசல் விழுந்துவிடும். பழையதை எடுத்துக்கொண்டு கடைக்கே போய் மரையைப் பொருத்திப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

உடலின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். காற்று டாங்கியிலிருந்து கன்னுக்குப் போகும் திசையை அது காட்ட வேண்டும். சீல் டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். டேப்பின் நூல் ஒன்று உள்ளே போனாலும் புதுச் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், பழைய கதை திரும்ப ஆரம்பித்துவிடும். மாட்டியதும் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

இனி அந்தப் பழுப்புத் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் ரெகுலேட்டரைக் கெடுத்தது அதுதான். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகம் போனால் 30 கிராம் நீராவி தாங்கும். பினாங்கில் 80 சதவீத ஈரப்பதம் சாதாரணம், அப்படியென்றால் அதில் 24 கிராம் இருக்கிறது. உங்கள் டாங்கி காலியிலிருந்து 8 பாருக்கு நிரம்ப 200 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகிறது, கனமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு ஏறக்குறைய 5 கிராம் தண்ணீரும் போகிறது. அந்தக் காற்றை 25 லிட்டர் இடத்துக்குள் அடைத்து ஆறவிட்டால் ஒரு கிராம்கூட ஆவியாக நிற்காது, மிச்சமெல்லாம் நீராக அடியில் இறங்கிவிடும். ஒரே ஒரு முறை நிரப்பியதற்கே ஒரு தேக்கரண்டிக்குப் பக்கத்தில் வருகிறது. லாக்கர் அடிக்கும் நாளில் மோட்டார் எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு செதில் செதிலாகக் கிளம்பிக் காற்றோடு ரெகுலேட்டருக்கு வருகிறது. அதனால் வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது, டாங்கியில் கொஞ்சம் காற்று இருக்கையிலேயே டிரெயின் வால்வைத் திறந்துவிடுங்கள். காற்றுத் தள்ளினால்தான் சகதி வெளியே வரும்.

டாங்கியின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை துடைத்து நன்றாகப் பாருங்கள். வெல்டிங் தையல் ஓரத்தில் ஈரமோ குமிழியோ தெரிந்தால் அந்த டாங்கியின் ஆயுள் முடிந்தது. ஒட்டுப் போடவோ வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள். அடைத்த காற்று வெடித்தால் என்ன ஆகும் என்று தொழிற்சாலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு நீர் வடிகட்டி போடுங்கள். ஆனால் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் பாதிப் பலன்தான். அங்கே காற்று சூடாக இருக்கிறது, தண்ணீர் ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். பத்து மீட்டர் ஹோஸில் ஓடி ஆறிய பிறகு, சுவரில் நிமிர்த்தி வடிகட்டியையும் அதற்கு அடுத்து ரெகுலேட்டரையும் மாட்டுங்கள், அங்கிருந்து கன்னுக்கு ஒரு குட்டை ஹோஸ். இப்படிச் செய்தால் நீண்ட ஹோஸில் டாங்கியின் முழு அழுத்தமும் இருக்கும், அதனால் ஹோஸின் மேல் அச்சடித்திருக்கும் வேலை அழுத்தத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பணம் மிச்சம் என்று வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாயைக் காற்றுக்குப் போடாதீர்கள், அது உடைந்தால் துண்டு துண்டாகச் சிதறும்.

வடிகட்டியின் கண்ணாடி போன்ற கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தின்னர் ஆவி பட்டால் முடி முடியாக வெடிப்பு விழும். லாக்கர் அறைக்கு உலோகக் கிண்ணம் உள்ளதை வாங்குங்கள். கம்ப்ரசரும் அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமான பக்கத்தில் இருக்க வேண்டும். பிரஷர் சுவிட்ச் ஒவ்வொரு முறை ஒட்டி விலகும்போதும் உள்ளே பொறி வரும், தின்னர் ஆவிக்கு அது போதும்.


மேடைக்காரி, பிறை

ஐயா, ரப்பரும் பித்தளையும் ஒன்றாகவே வார்த்தவை, கழன்று வரவில்லை. பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் ஒரு கடைக்குப் போனோம். மரையைப் பொருத்திப் பார்க்கக் கேட்டதும் தவுக்கே (கடை முதலாளி) மறுக்காமல் நான்கைந்து எடுத்து வைத்தார். ஆணி கன்னும் இருப்பதால் 10 பார் ரகம் எடுத்தோம், தானே காற்றை வெளியேற்றும் வகை, கூடவே உலோகக் கிண்ணம் வைத்த வடிகட்டி. கம்ப்ரசரை வீட்டுப் பக்கச் சந்துக்கு நகர்த்தி, ஹோஸைச் சுவரோரமாக இழுத்து, அடிக்கும் இடத்தில் இரண்டையும் நிமிர்த்தி மாட்டியாயிற்று. டாங்கியின் அடியைத் துடைத்துப் பார்த்தேன், தையல் காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

2 பார் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். அதே இடத்தில் நிற்கிறது. குமிழைக் குறைத்தால் மெல்லச் சீறி ஊசியும் இறங்குகிறது. மயில் கதவை இன்று காலை முடித்தேன், தோகைக்குள் ஒரு தூள்கூட இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். மழை நாளில் அடித்தால் லாக்கர் சில இடங்களில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. அதுவும் டாங்கித் தண்ணீர்தானா? வடிகட்டி போட்டதால் இனி வராதா?


செந்தூல் கன், கோலாலம்பூர்

அது வேறு, தங்கச்சி. தண்ணீர் ஹோஸ் வழியாக வந்தால் புள்ளிப் புள்ளியாக விழும், சின்னச் சின்னக் கொப்புளம் போல நிற்கும். வடிகட்டி அதைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் சொல்வது பரவலாகப் பால் படர்ந்ததுபோல வெளுப்பது. என்சி தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும், சுற்றியிருக்கும் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த லாக்கரின் மேல் பனியாகப் படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். கம்ப்ரசருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, எந்த வடிகட்டியும் அதைத் தடுக்காது.

சந்தேகம் தீர வேண்டும் என்றால் கன்னின் கிண்ணத்தைக் காலி செய்து கழுவிவிட்டு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வெறும் காற்றை அரை நிமிடம் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் புள்ளி விழுந்தால் ஹோஸில் தண்ணீரோ எண்ணெயோ வருகிறது. சுத்தமாக இருந்தால் தின்னர் பக்கம் பாருங்கள். பெயிண்ட் கடையில் மெதுவாகக் காயும் தின்னர், ரிட்டார்டர் என்று கேட்டால் தருவார்கள். அதைக் கொஞ்சம் கலந்து அடியுங்கள், அதிகம் கலந்தால் காயவே காயாது, தூசி ஒட்டும். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் ரிட்டார்டரை மட்டும் மிக லேசாக, தூரத்திலிருந்து தூவுங்கள். லாக்கர் திரும்பக் கரைந்து உள்ளே சிக்கிய ஈரத்தை விட்டுவிடும், பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். தேய்க்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு முன்னால் சாயங்கால மழை அதிகம். முடிந்தவரை காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். மரத்தையும் முதல் நாள் இரவே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள், இரவுக் குளிரில் வெளியே நின்ற மரம் காலையிலும் சில்லென்றுதான் இருக்கும்.